எலி கடித்தது மூன்று வயர், உருகியது நான்காவது: நீடாமங்கலம் பக்கத்துக் கார் ஒன்றின் வயரிங் ஆய்வு

ஒன்பது வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். உரிமையாளர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் பாமணியாற்றுப் பக்கத்து ஊர்க்காரர், சம்பா போடுகிறவர். மாசி மாதம் வண்டி பட்டறைக்கு வந்தது. புகார் மூன்று. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை. மீட்டரில் ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) விளக்கும் இன்ஜின் விளக்கும் அணைவதே இல்லை. ராத்திரி ஹெட்லைட் போட்டு அரை மணி ஓட்டினால் கருகல் வாடை வருகிறது.

மூன்றாவதை அவர் கடைசியில், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற போக்கில்தான் சொன்னார். "அது பெருசா ஒண்ணுமில்ல தம்பி, லைட்ட அணைச்சா போயிடுது." முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். செல்ஃப் எடுக்காத கார் வீட்டோடு கிடக்கும். வாடை அடிக்கிற கார் தீப்பிடிக்கும். அதிலும் இந்தக் கார் நின்ற இடம் வைக்கோல் பக்கம்.

அதுவரை நடந்தது

தை மாதம் அறுவடை மெஷின் வந்து நெல் அடித்தாயிற்று. வைக்கோலைக் கட்டாகக் கட்டி, கார் நிற்கும் தகரக் கொட்டகையிலேயே அடுக்கிவிட்டார்கள். நெல் மூட்டைகளோடு பெரியவர் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தார், மகன் வெளியூரில். கார் இரண்டு வாரம் போல அசையவே இல்லை. நெல்லைப் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் மீட்டரில் இரண்டு விளக்கு. அப்போது பார்த்த மெக்கானிக் பானட்டைத் திறந்ததுமே எலி வேலை என்று கண்டுபிடித்துவிட்டார். கடிபட்ட வயர்களைப் பல்லால் உரித்து, முறுக்கி, கருப்பு டேப் சுற்றி அனுப்பிவிட்டார். செல்ஃப் எடுக்கவில்லை என்று மறுபடி போனபோது பேட்டரி போய்விட்டது என்றார்கள். புது பேட்டரி போட்டார். அதுவும் இறங்கியது.

இன்னொரு விஷயமும் இருந்தது. நாலைந்து கேள்வி கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. மார்கழிப் பனியில் வெளிச்சம் போதவில்லை என்று முந்தின வருடமே ஹெட்லைட்டில் 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்ப் மாட்டியிருக்கிறார். கம்பெனியில் வந்தது 60/55. பல்ப் மாற்றியதிலிருந்து இடது பக்க ஃபியூஸ் அடிக்கடி போயிருக்கிறது. இனிமேல் போகாது என்று சொல்லி யாரோ வேறு ஃபியூஸ் மாட்டிக் கொடுத்தார்களாம். போகவில்லைதான். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன்: சிவப்பு நிற 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற 30.

எலி ஏன் காருக்குள் வருகிறது

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் வயரிங் கோணத்தில் ஒரு வார்த்தை. கதிர் நிற்கும் வரை எலிக்கு வயலில் சாப்பாடும் மறைவும் உண்டு. அறுவடை முடிந்ததும் இரண்டும் ஒரே நாளில் போய்விடுகின்றன. அது வீட்டையும் வைக்கோலையும் தேடி வருகிறது. வரப்பில் வளை தோண்டும் எலியை விட, கூரையிலும் தென்னையிலும் ஏறித் திரியும் வீட்டெலிதான் பானட்டுக்குள் அதிகம் ஏறும். உள்ளே இருட்டு, கதகதப்பு, நாய் பூனை தொந்தரவு இல்லை. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. அது எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். புது வண்டி வயர்களில் சோயா கலந்திருப்பதால்தான் எலி வருகிறது என்று வாட்ஸப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. சாதாரண பிவிசி வயர் போட்ட பழைய டிராக்டரையும் எலி விட்டுவைத்ததில்லை. வயரின் ருசியை விட, வண்டி எத்தனை நாள் அசையாமல் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

முதலில் கையுறை, பிறகு ஸ்பேனர்

பேட்டரித் தட்டுக்கு அடியில் வைக்கோல், பஞ்சு, பானட்டின் உள்பக்க மெத்தையிலிருந்து பிய்த்த துண்டுகள் என்று முழுக் கூடே இருந்தது. எலிப் புழுக்கை நிறைய. பட்டறைகளில் வழக்கமாக நடப்பது, ஏர் ஹோஸை எடுத்து ஒரே ஊதாக ஊதிவிடுவது. இதை மட்டும் செய்யாதீர்கள். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கையில் இருக்கும் சின்னக் கீறல் போதும், கண், மூக்கு வழியாகவும் கிருமி போகும். காய்ந்த புழுக்கையை ஊதினால் அந்தத் தூசு முகத்துக்கே வரும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் வழித்து எடுக்க வேண்டும். வயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் கரைசல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எலிக் கூட்டைச் சுத்தம் செய்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் எலிக் கூட்டில் கை வைத்ததைச் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. வயரில் கத்தி வைப்பதற்கு முன் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய், பத்தாம் நம்பர் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். நெகட்டிவ் கழன்ற பிறகு அதே ஸ்பேனர் அதே இடத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை வாட்ச்சோடு வேலை பார்ப்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஷார்ட்டில் அந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். மோதிரம் விரலிலேயே பழுக்கும். எங்கள் பட்டறையில் மோதிரத்துக்கென்றே ஒரு டப்பா இருக்கிறது.

பன்னிரண்டு வோல்ட் வண்டிக்குள்ளேயே பன்னிரண்டு வோல்ட் இல்லாத இடங்களும் உண்டு. இக்னிஷன் காயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உருவாக்கும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அது நூற்றுக்கணக்கான வோல்ட். அதற்கென்று பயிற்சி எடுத்தவர் தவிர யாரும் தொடக் கூடாது. ஏர்பேக் வயரிங்குக்கு மஞ்சள் அடையாளம். இந்தக் காரில் கடிபட்ட இடத்திலிருந்து அரை அடி தள்ளித்தான் முன் மோதல் சென்சாருக்குப் போகும் மஞ்சள் ஸ்லீவ் ஓடியது. டார்ச் அடித்துக் கண்ணால் மட்டும் பார்த்தேன், கடி இல்லை. கடித்திருந்தால் ஒட்டுப் போட்டிருக்க மாட்டேன், அந்த வயரையே மாற்றச் சொல்லியிருப்பேன். ஏர்பேக் பக்கத்தில் டெஸ்ட் லேம்போ, ஓம் அளவில் வைத்த மல்டிமீட்டரோ வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்ன மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம்.

கசிவைத் தேடியது

வந்தபோது பேட்டரி 11.4 வோல்ட் காட்டியது. முழுதாக ஏறிய பேட்டரி 12.6க்கு மேல் இருக்க வேண்டும், 11.4 என்றால் காலி. மெதுவாக சார்ஜ் ஏற்றி லோடு வைத்துப் பார்த்ததில் தாங்கியது. இன்ஜின் ஓடும்போது 13.9. ஆகவே ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் சரி, பேட்டரியும் சரி. நிறுத்தி வைத்த வண்டியிலிருந்து ஏதோ குடிக்கிறது.

இதை அளக்கும் முறையில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். நெகட்டிவைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டரை வைத்ததும் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். இரண்டு மூன்று ஆம்பியர் காட்டும். அதைப் பார்த்து பயந்து எதையாவது பிடுங்கத் தொடங்குவார்கள். கதவு, பானட் பூட்டுகளை ஸ்குரூடிரைவரால் மூடின நிலைக்குத் தள்ளிவிட்டு, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு, அரை மணியாவது காத்திருக்க வேண்டும். மீட்டரை வைக்கும்போது ஒரு ஜம்பர் வயரால் இணைப்பு அறாமல் பிடித்துக்கொண்டு, மீட்டர் நின்ற பிறகு ஜம்பரை எடுக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது, திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போகும். வயரைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்தே அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

வண்டி உறங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. இங்கே 430. ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணிக்கு மேல். பேட்டரி 35 ஆம்பியர் மணி. மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்காது என்று பெரியவர் சொன்னது கணக்குக்கு அப்படியே பொருந்தியது.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. பிடுங்கி மாட்டும்போது கம்ப்யூட்டர்கள் மறுபடி விழித்து எண்ணைக் குழப்பும். அதைவிட, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையில் அளந்தால் போதும். மின்னோட்டம் இல்லாத ஃபியூஸில் பூஜ்யம். இருந்தால் ஒன்றோ இரண்டோ மில்லிவோல்ட் தெரியும். அப்படிப் பார்த்தபோதுதான் வேடிக்கை. ஏபிஎஸ் யூனிட்டுக்கு எந்நேரமும் போகும் 30 ஆம்பியர் ஃபியூஸில் கிட்டத்தட்ட ஒரு மில்லிவோல்ட். சரி, ஏபிஎஸ் யூனிட் உறங்கவில்லை போலும் என்று நினைக்கலாம். ஆனால் வலது ஹெட்லைட் ஃபியூஸிலும் ஒன்றரை மில்லிவோல்ட் இருந்தது. சுவிட்ச் அணைந்திருக்கிறது, ஹெட்லைட்டுக்கு மின்சாரம் விடும் ரிலேயும் இணைப்பு விட்டுத் திறந்திருக்கிறது. பிறகு ஹெட்லைட்டுக்கு மின்னோட்டம் எங்கிருந்து வரும்?

இடது ஹெட்லைட் ஃபியூஸில் அளந்தபோது கழித்தல் குறி காட்டியது. அதாவது பல்ப் பக்கத்திலிருந்து ரிலே பக்கமாக, தலைகீழாக ஓடுகிறது. இந்த வண்டியில் ஒரே ரிலேயின் வெளிப்புறத்திலிருந்து இரண்டு ஹெட்லைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் பிரிகிறது. இடது வயரில் எங்கோ வெளியிலிருந்து மின்சாரம் நுழைகிறது. பாதி இடது பல்ப் வழியாக எர்த்துக்குப் போகிறது, மீதி பின்னாலேயே ஏறி ரிலே முனை வழியாக வலது பல்புக்குப் போகிறது. இடது பல்பின் கப்ளரைக் கழற்றினேன். கசிவு குறையவே இல்லை, முழுதும் வலது வழியாகப் போயிற்று. இரண்டு கப்ளரையும் கழற்றியதும் 30 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. மாட்டிவிட்டு ஏபிஎஸ் ஃபியூஸை மட்டும் எடுத்தேன், அப்போதும் இறங்கியது. ஆக, எந்நேரமும் உயிரோடு இருக்கும் ஏபிஎஸ் வயரும், அணைந்திருக்க வேண்டிய இடது ஹெட்லைட் வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு சின்ன மின்னோட்டத்துக்கு ஹெட்லைட் இழை மினுங்கக்கூட மினுங்காது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

உருகிய இடம்

பேட்டரித் தட்டை எடுத்துவிட்டு வயர்க் கட்டைப் பிரித்தபோது விஷயம் கையிலேயே வந்தது. முறுக்கி ஒட்டிய இடது ஹெட்லைட் வயர். அதன் மேல் சுற்றிய டேப் உருகி வழிந்திருந்தது. அந்த ஒட்டு சாய்ந்து கிடந்தது ஏபிஎஸ் வயரின் மேல். எலி அந்த ஏபிஎஸ் வயரைத் தொடவே இல்லை. ஒட்டின் சூட்டில்தான் அதன் தோல் இளகி, இரண்டு செம்புக்கும் நடுவில் கரியாகி நின்றது. 430 மில்லி ஆம்பியரில் 400 அந்தக் கரி வழியாகத்தான். பன்னிரண்டு வோல்ட்டில் அது கிட்டத்தட்ட ஐந்து வாட். கடுகளவு இடத்தில், வண்டி அணைந்து கொட்டகையில் நிற்கும்போது, இரவு பகலாக. தொட்டால் இளஞ்சூடு இருந்தது. பெரியவரை அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "வைக்கப் போர் பக்கத்துலயா இது நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

வாடைக்கான கணக்கு வேறு. அதை வோல்டேஜ் டிராப், அதாவது வழியில் தொலையும் வோல்ட், வைத்துப் பார்த்தால் புரியும். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரியில் 13.9, வலது பல்பின் கப்ளரில் 13.3, இடது கப்ளரில் 11.6. வலது பக்கம் வழக்கமான இழப்பு. இடது பக்கம் கூடுதலாகத் தொலைந்த 1.7 வோல்ட் அந்த ஒட்டில். 8 ஆம்பியர் போகும்போது 13, 14 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை வயர்க் கட்டுக்குள் சொருகிவிட்டு ஹைவேயில் ஓட்டியது போலத்தான். ஓம் மீட்டரில் அந்த ஒட்டு நல்ல ஒட்டு. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். கால் ஓமுக்கும் குறைந்த எதிர்ப்பைச் சாதாரண மீட்டர் நம்பும்படியாகக் காட்டாது. லோடு போட்டு வோல்ட்டில் அளந்தால்தான் ஒட்டின் யோக்கியதை தெரியும்.

இப்போது ஃபியூஸுக்கு வருவோம். இந்தக் காரை எரிக்கப் பார்த்ததில் எலியின் பங்கு சின்னது என்பதுதான் என் கட்சி. எலி கடித்த வயர் ஒன்று அறுந்து வேலை செய்யாமல் போகும், இல்லையென்றால் பாடியில் பட்டு ஃபியூஸைப் போக்கும். இரண்டுமே பாதுகாப்பான முடிவுகள். 10 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனது பழுதினால் அல்ல. தொடர்ந்து ஓடும் லோடுக்கு ஃபியூஸின் அளவில் முக்கால் பங்குதான் கணக்கு, 10க்கு ஏழரை. 100 வாட் பல்ப் எட்டுக்கு மேல் இழுக்கிறது. ஆக ஃபியூஸ் சரியாகத்தான் சொன்னது. அதன் வாயை அடைத்து 30 போட்டார்கள். 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் 30 ஆம்பியரில் அறாது. 40 ஆம்பியர் ஓடினால்கூட அறுவதற்குப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ள அதன் தர அளவில் இடமுண்டு. ஹெட்லைட்டுக்குப் போகும் வயரோ 0.85 சதுர மில்லிமீட்டர். பத்து நிமிடம் 40 ஆம்பியர் ஓடினால் ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், வயரின் தோல் பிழைக்காது. ஃபியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. போதாக்குறைக்கு இப்போது ஏபிஎஸ் பக்கமிருந்தும் இன்னொரு 30 அந்த மெல்லிய வயரில் வந்து சேர்ந்திருந்தது.

ஒட்டுப் போட்ட விதம்

இரண்டு வயரையும் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டினேன். செம்பு பளபளவென்று இருக்க வேண்டும். கருப்போ பச்சையோ பூத்திருந்தால் இன்னும் உள்ளே வெட்ட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்க வண்டிகளில் உப்புக் காற்றில் இந்தப் பச்சை தோலுக்குள்ளேயே வெகுதூரம் ஏறியிருக்கும். அங்கே ஒட்டுப் போடுவதில் பிரயோஜனமில்லை, அடுத்த கப்ளர் வரை புது வயர் இழுத்துவிடுவதுதான் வேலை. இந்த வண்டியில் நல்லவேளை, ஒரு விரல்கடை வெட்டியதுமே செம்பு தெரிந்தது.

இடைவயராகப் போட்டது அதே கனத்தில் ஆட்டோ கேபிள்: ஹெட்லைட்டுக்கு 0.85, ஏபிஎஸ்ஸுக்கு 2 சதுர மில்லிமீட்டர். வீட்டு வயரிங் மிச்சத்தைக் காரில் போடுகிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப. வீட்டுக்குரிய சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி வெப்பத்துக்கு ஆனது. கார் வயர் பொதுவாக 105 டிகிரி தாங்கும், இழைகளும் மெல்லியதாக நிறைய இருக்கும், அதிர்வில் முறியாது. இன்ஜின் பக்கத்தில் வீட்டு வயர் ஒரு கோடையில் விறைத்து, அடுத்த கோடையில் வெடிக்கும்.

கிரிம்பா (குழலில் விட்டு அழுத்திப் பிடிப்பது), ஈயமா (உருக்கி ஒட்டுவது) என்று கேட்டால் இன்ஜின் பகுதியில் நான் கிரிம்ப் பக்கம். ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஊறிக்கொண்டு போய் ஒரு எல்லையில் நிற்கும். அந்த எல்லையில் வயர் கம்பியாக விறைத்திருக்கும், அதிர்வில் சரியாக அங்கேதான் முறியும். டாஷ்போர்டுக்குள் ஸ்பீக்கர் வயருக்கு ஈயம் வைக்கலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். செம்புக் குழல் ஒன்றில் இரண்டு முனையையும் விட்டு, கிளிக் விழும் வரை அழுத்தும் கிரிம்பிங் டூலால் அழுத்தி, பிறகு கையால் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் இல்லை. அதன் மேல் உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டும்போது இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கித் தெரிந்தால்தான் தண்ணீர் போகாது. சூடு காட்ட ஹீட் கன். சிகரெட் லைட்டரை பெட்ரோல் வண்டியின் பானட்டுக்குள் கொண்டுபோகிறவரிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீல நிற பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம். அது போட்ட இடத்திலெல்லாம் இரண்டு மழைக்காலத்துக்குள் செம்பு பச்சையாகிவிடுகிறது.

ஒட்டுகளை அருகருகே வைக்காமல் ஒன்றிலிருந்து ஒன்று நாலு விரல் தள்ளி வைத்தேன். ஒரே இடத்தில் வைத்தால் கட்டு முடிச்சாகப் புடைக்கும், பசை எப்போதாவது விட்டுப்போனால் இரண்டு ஒட்டும் ஒன்றையொன்று தொடும். மேலே துணி டேப், அதற்கு மேல் நெளிவுக் குழாய். பிவிசி டேப்பின் பசை இன்ஜின் சூட்டில் இளகி வழியும் என்பதற்கு இந்தக் காரே சாட்சி. தட்டின் கூர்மையான ஓரத்தில் உரசாதபடி பழைய கிளிப்பிலேயே கட்டைக் கட்டினேன்.

இதே கட்டில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரட்டை முறுக்கு வயரும் போகிறது. பட்டறைகளில் கேன் வயர் என்போம். அதில் கடி இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும், வந்தது. இந்த ஜோடியில் ஒட்டுப் போட நேர்ந்தால் முறுக்கைப் பிரித்தபடியே விட்டுவிடக் கூடாது. முறுக்கு இருப்பது வெளியிலிருந்து வரும் இரைச்சலை அடக்க. சாதாரண பல்ப் வைத்த டெஸ்ட் லேம்பால் இதைக் குத்திப் பார்க்கவும் கூடாது.

ஏபிஎஸ் விளக்குக்குக் காரணம் இடது முன் சக்கரத்தின் வேக சென்சார் கேபிள். ஸ்கேனரில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூன்று சக்கரம் 20 கிலோமீட்டர் காட்ட, நான்காவது பூஜ்யம். இங்கேயும் முறுக்கு ஒட்டு, உள்ளே தண்ணீர். இதை நான் ஒட்டவே இல்லை. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும் கேபிள் அது. எவ்வளவு நன்றாக கிரிம்ப் செய்தாலும் அந்த இடத்தில் நிற்காது. பிரேக் சம்பந்தப்பட்டது வேறு. கேபிளோடு சேர்ந்த புது சென்சாராகவே மாற்றினோம். "முன்னாடி ஒட்டுனது ஒரு மாசம் ஓடுச்சே" என்றார் பெரியவர். "ஓடும்ங்க ஐயா, ஈரத்துல சடன் பிரேக் அடிக்கிற அன்னைக்கு ஓடுமான்னுதான் தெரியாது" என்றேன். பிறகு அவர் பேரம் பேசவில்லை.

இன்ஜின் விளக்குக்குக் காரணம், புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் வயர். கடி கப்ளருக்கு வண்டிப் பக்கத்தில் இருந்ததால் கிரிம்ப் செய்ய முடிந்தது. சென்சார் பக்கம் கடித்திருந்தால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை வயரின் இழை இடுக்குகள் வழியாகவே உள்ளே எடுக்கின்றன. அங்கே ஈயமோ கிரீஸோ வைத்தால் மூச்சு அடைத்துப்போகும்.

கடைசியாக 60/55 பல்ப், சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. வெளிச்சம் குறையும் என்று பெரியவருக்கு வருத்தம். மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டுக் கொடுத்தோம். இடது பல்புக்கு இப்போது முழு வோல்ட்டும் போகிறது. ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்பை விட இடது பக்கம் நன்றாகத் தெரிகிறது என்றார்.

வேலை முடிந்து அளந்தது: ஒட்டுகளில் லோடு போட்டபோது இழப்பு 0.04 வோல்ட், உறக்கத்தில் 26 மில்லி ஆம்பியர். அரை மணி ஹெட்லைட் எரியவிட்டு ஒட்டின் மேல் கை வைத்தேன். சூடு இல்லை.

மறுபடி வராமல்

வைக்கோலைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னேன். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பலனில்லை. வண்டியை ஒன்றுவிட்டு ஒரு நாளாவது எடுத்து ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் பானட்டைத் திறந்து வைத்துவிடலாம், வெளிச்சத்தில் எலி தங்காது. அந்துருண்டையைச் சிலர் மூட்டையாகக் கட்டிப் போடுகிறார்கள். ஏசி ஊதும்போது அந்த நெடி முழுதும் உள்ளே வரும். குழந்தைகள் ஏறும் வண்டிக்கு ஆகாது. சத்தம் எழுப்பும் கருவி வாங்கி மாட்டியவர்களின் வண்டியிலும் கடிபட்ட வயர் பார்த்திருக்கிறேன். எலி கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது. மிளகாயின் காரப்பொருள் பூசிய டேப்பை ஹோண்டா நிறுவனமே வெளிநாட்டில் விற்கிறது, யோசனை நல்லதுதான். விஷம் வைத்தால் எலி சாகும், ஆனால் ஏசி பிளோயருக்குள் போய்ச் சாகும். அதை எடுக்க டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். கோழியும் நாயும் திரியும் வீட்டில் விஷம் வேறு ஆபத்து. நம் ஊரில் வயலுக்கு வைக்கும் எலிப் பொறியான தஞ்சாவூர் கிட்டியையே கொட்டகையின் சுவரோரம் வைக்கலாம். எலி ஓரமாகத்தான் ஓடும். பிளோயர் காற்று எடுக்கும் வாயில் ஆறு மில்லிமீட்டருக்கு மிஞ்சாத கண் உள்ள கால்வனைஸ் வலை அடித்துக் கொடுத்தோம்.

மேட்டூர் திறந்து பாமணியில் தண்ணீர் வந்த பிறகு, குறுவை நாற்றுவிடும் சமயத்தில் வண்டி ஏசி வேலைக்காக வந்தது. அளந்து பார்த்ததில் 27 மில்லி ஆம்பியர். கட்டைப் பிரிக்காமல் ஸ்லீவ் ஓரங்களை மட்டும் பார்த்தேன், பசை விடவில்லை. பேட்டரித் தட்டில் புதிதாக நாலைந்து புழுக்கை இருந்தது. வயரில் பல் பதியவில்லை. வாஷர் தண்ணீர் ஹோஸை மட்டும் கடித்திருந்தது, மாற்றினோம். அடைமழை தொடங்கும் முன் இடது சக்கர லைனரை (சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பு) கழற்றி சென்சார் கேபிளின் கிளிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.